நடுக்கண்ணாடியைத் திருப்பிவிட்ட சாரதி

நான் என்னென்ன செய்து வைத்தவன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு இதை எழுதினவன் ஆர் என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் ஒரு கிழட்டு ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயில் ஓட வைத்தேன். ஸ்ராட் பண்ண மட்டும் பால்குடிப் பிள்ளையின் சூப்பிப் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல், மிச்சமெல்லாம் என் கைவித்தை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீடு என்று நின்றது இரண்டு சுவரும் ஒரு கிணறும்தான். மேசனை வைக்காமல் அந்த இரண்டு சுவரிலிருந்தே வீட்டை எழுப்பினேன். அச்சுவேலிச் சந்தியில் வேப்பமரத்துக்குக் கீழே வாடகைக்கு ஓடுகிற முதல் ஹயர் வானைக் கொண்டுவந்து விட்டவனும் நான்தான். இன்றைக்கு அங்கே வரிசையாக வான் நிற்கிறது. மூன்று பெண்பிள்ளைகளையும் கம்பஸுக்கு அனுப்பிப் பட்டம் எடுக்க வைத்தேன்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. மனம் நொந்துபோனவர்களும், மற்றச் சனம் மாதிரி இல்லாமல் வேறு விதமாகப் பிறந்தவர்களும் போய் ஆறுதலாக இருந்து கதைக்கக் கூடிய இடம் இந்தப் பக்கத்தில் எது என்று தேடிக் கண்டுபிடித்தவன் நான். டொக்டர்மார் இல்லை, நான்.

அந்த இடம் இப்போது நிலையமாகிவிட்டது. பலகை தொங்குகிறது, ஆண்டு மலரும் போடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வாற பிள்ளைகளுக்கு உதவும், உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். எழுத்துப்பிழை பார்த்தது மகள். அனுபவம் என்னுடையது.

1. படலைக்கு வெளியே நிற்கிறவன்

ஹயர்காரனின் தொழிலில் பாதி ஓட்டம், மற்றப் பாதி காத்திருப்பு. ஆட்களை இறக்கிவிட்டு வாசல் படலைக்கு வெளியே நிற்போம். உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே போகும்போது இருந்த முகமும் வெளியே வரும்போது இருக்கிற முகமும் எங்களுக்குத் தெரியும். வானுக்குள் பின்சீற்றைக் காட்டுகிற நடுக்கண்ணாடி அதற்குத்தான் இருக்கிறது என்று நான் நாற்பது வருஷமாக நம்பியிருந்தேன்.

நித்திரை வராத ஆட்களைக் கொண்டு போயிருக்கிறேன். பட்டாசு வெடித்தால் மேசைக்குக் கீழே போகிற பெரிய உத்தியோகத்தரைக் கொண்டு போயிருக்கிறேன். விபூதி போட்டுப் பார்வை பார்க்கிற இடம், நூல் கட்டுகிற இடம், ஆசுப்பத்திரிக் கிளினிக், யாழ்ப்பாண ரவுணில் பிறைவேற்றாகப் பார்க்கிற இடங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி.

இத்தனை ஓட்டத்தில் நான் ஒரு சோதனை கண்டுபிடித்தேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. உள்ளே நல்லது நடந்திருந்தால், திரும்பி வரும்போது ஆள் வழியில் எங்கேயாவது வானை நிறுத்தச் சொல்லும். ஒரு இளநி குடிக்க, ஒரு குளத்தைப் பார்க்க, சும்மா இறங்கி நிற்க. நல்லது நடக்காவிட்டால் ஒரே சொல்தான் வரும்: "கெதியா வீட்டை விடுங்கோ அண்ணை."

கிழமைக்கு ஒருக்கா ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரை வல்லை வெளிக்கு அங்காலே ஒரு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் இருந்த சின்ன வீட்டுக்குக் கொண்டு போவேன். அங்கே ஒரு மிஸ் இருந்தார். உளவளத்துணை படித்தவர். அப்போது பலகையும் இல்லை, நிலையமும் இல்லை. வாத்தியார் ஒவ்வொரு முறையும் திரும்பும்போது வல்லையில் வானை நிறுத்தச் சொல்லுவார். கடல்நீரேரியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஏறுவார். நான் அதை மனதில் குறித்து வைத்தேன்.

2. ரவுணுக்குப் போகாத றோட்டு

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு தாயும் மகளும். மகளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. தையல் மெசினில் இருந்தால் ஊரே அவள் தைத்த சட்டையைத்தான் போடும், அவ்வளவு நேர்த்தி. ஆனால் ஆளை முகம் பார்த்துக் கதைக்க மாட்டாள். மனம் கலங்கினால் இரண்டு கையையும் படபடவென்று ஆட்டுவாள். பஸ் ஹோர்ண் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிடுவாள். ஓட்டிசம் என்று ஒரு டொக்டர் பெயர் சொன்னார். தாய்க்கு அந்தப் பெயர் விளங்கவில்லை. கலியாணத்துக்கு முன்னம் சுகமாக்க வேணும், அவ்வளவுதான் தாயின் எண்ணம்.

ரவுணில் இப்படியான பிள்ளைகளைப் பழக்குகிற ஒரு சேரிடம் நாலு முறை கொண்டு போனோம். அவர் பிள்ளையின் கையை முழங்காலில் வைத்து, "என்ரை கண்ணைப் பார், கையை ஆட்டாதை" என்று பழக்கினாராம். நாலாம் முறை பிள்ளை வந்து வானின் பின்சீற்றுக்கும் கதவுக்கும் இடையில் நிலத்தில் இருந்துவிட்டாள். அதன் பிறகு ஒன்பது நாள் ஒரு சொல்லும் பேசவில்லை என்று தாய் அழுதார்.

ஐந்தாம் முறையும் ரவுணுக்கென்றுதான் வெளிக்கிட்டோம். சந்தியில் நான் வானை மற்றப் பக்கம் திருப்பினேன்.

"அண்ணை, இது ரவுண் றோட்டில்லையே?"

"இல்லை."

"அப்ப எங்கை கொண்டு போறியள்?"

"ஒருக்கா என்னை நம்பி இருங்கோ தங்கச்சி."

"உங்களை நம்பித்தான் போன மாசம் ரயருக்குக் காத்துப் போய் வெய்யிலுக்கை நிண்டனாங்கள்."

தாயின் குரலில் பகிடியும் கோபமும் பாதி பாதி. ஆனால் இறங்குகிறேன் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த உத்தரவு.

3. ஹோர்ண் இல்லாத ஓட்டம்

மிஸ் வீட்டு வாசலில் பிள்ளை இறங்க மாட்டன் என்று இருந்துவிட்டாள். மிஸ் வெளியே வந்தார். கையில் பைலும் இல்லை, பேனையும் இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் வானுக்குப் பக்கத்தில், அவள் பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஏறலாமோ? வேண்டாமெண்டால் இங்கை நிக்கிறன். எனக்கு அவசரமில்லை."

கனநேரம் போனது. பிள்ளை பக்கத்துச் சீற்றில் கிடந்த தன் துணிப்பையை எடுத்து மடியில் வைத்தாள். மிஸ் ஏறினார். தாய்க்கு உள்ளே கதிரையும் தேத்தண்ணியும் கிடைத்தன.

"அண்ணை, வல்லைப் பக்கம் மெதுவா விடுங்கோ. ஹோர்ண் அடிக்க வேண்டாம்."

"மாடு குறுக்கை நிண்டால் மிஸ்?"

"மாடு போகுமட்டும் நில்லுங்கோ. அதோடை, அந்த நடுக்கண்ணாடியையும் மேலை திருப்பிவிடுங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. "நாப்பது வருஷமா இதைப் பாத்துத்தான் ஓடுறன் மிஸ்."

"றோட்டைப் பாக்க வானுக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்குத்தானே. இதிலை நீங்கள் பாக்கிறது ஆளையெல்லோ."

திருப்பிவிட்டேன். அதன் பிறகு கண்ணாடியில் தெரிந்தது வானின் கூரைச் சீலை மட்டும்.

வல்லை வெளியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீடுகளும் வேலிகளும் சட்டென்று முடிந்து, நடுவில் ஒரு றோட்டும் பாலமும், மற்றப்படி தண்ணியும் ஆகாயமும். காற்று வானைத் தோளில் தட்டிப் பார்க்கும். அன்றைக்கு வெய்யில் தண்ணியில் பட்டு யன்னலால் உள்ளே ஏறிக் கூரைச் சீலையில் நெளிந்தது. கண்ணாடிக்குள் அந்த வெளிச்சம்தான் அசைந்துகொண்டிருந்தது. வான் ஓடுகிறதா மிதக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. இடுப்பளவு தண்ணியில் வீச்சுவலையோடு ஒரு ஆள் நின்றார். வலை விரிந்தது, விழுந்ததைப் பார்க்க முன்னம் நாங்கள் கடந்துவிட்டோம். நாரைகள் ஒற்றைக் காலில் நின்று கனவு கண்டன. பின்னால் ஒரு சொல்லும் இல்லை. போய்த் திரும்பி, போய்த் திரும்பி, பாலத்தை எத்தனை முறை கடந்தேன் என்று நினைவில்லை. அவ்வளவு மெதுவாக நான் என் வாழ்க்கையில் ஓடினதில்லை.

செவ்வாய்க்குச் செவ்வாய் இப்படிப் போனது. அவர்கள் கதைக்கத் தொடங்கினபோது நான் காதை எஞ்சினில் வைத்துக்கொண்டேன். என்ன கதைத்தார்கள் என்று இங்கே எழுத மாட்டேன்.

தாயோடு மிஸ் வெளிவிறாந்தையில் கதைத்ததை மட்டும், தாய் சம்மதித்தபடியால் எழுதுகிறேன்.

"எப்ப மாறும் மிஸ்?"

"என்ன மாறவேணும் அக்கா?"

"உந்தக் கையை ஆட்டுறது. முகம் பாக்காதது."

"அவ கையை ஆட்டினால் ஆருக்கு நோகுது?"

"சனம் பாக்குது."

"அப்ப நோவு சனத்தின்ரை கண்ணிலையெல்லோ. பிள்ளையின்ரை மனசிலை ஒரு பயம் இருக்கு, சத்தத்துக்கும் ஆக்களுக்கும். அதுக்கு நானும் அவவும் சேந்து வழி பாப்பம். கை அவவின்ரை. அது அப்பிடியே இருக்கட்டும்."



ஆறாம் செவ்வாயோ ஏழாம் செவ்வாயோ, வல்லையில் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. மிஸ்ஸின் குரல் இல்லை.

"நிப்பாட்டுங்கோ."

என் கால் தானாகவே பிறேக்கில் போனது. பிள்ளை இறங்கிப் போய்த் தண்ணிக் கரையில் நின்றாள். காற்றில் இரண்டு கையையும் ஆட்டினாள். அவளைப் பிடித்து நிறுத்த அங்கே ஒருத்தரும் இல்லை. நான் ஸ்ரேறிங்கில் கையை வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். என் சோதனையில் இதைவிடப் பெரிய பாஸ் நான் கண்டதில்லை.

4. என் வாய்

நல்லதை மட்டும் எழுதினால் நான் பொய்யன். என் பிழையையும் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் கலியாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரிப்பது சந்தியில் நிற்கிற ஹயர்காரனைத்தான். எந்த வீட்டார் எந்த ஆசுப்பத்திரிக்குப் போகிறார்கள் என்று எங்களுக்குத்தானே தெரியும். இதற்கு எங்கள் தொழிலில் ஒரு மரபு உண்டு. "தங்கமான குடும்பம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிவிட வேணும். நான் மூடவில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து வெள்ளைச் சேட்டும் குடையுமாக ஒருத்தர் வந்து அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டார்.

"தங்கமான பிள்ளை," என்றேன். அதோடு நிற்கலாம். எனக்குள் இருந்த பெருமை நிற்க விடவில்லை. "இப்ப முழுச் சுகம். செவ்வாய்க்குச் செவ்வாய் மிஸ்ஸிட்டைக் கூட்டிக்கொண்டு போய் அவளைக் கதைக்க வைச்சதே நான்தான்!"

குடைக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். கலியாணப் பேச்சு அதோடு நின்றது. அடுத்த செவ்வாய் நான் போனபோது தாய் தனியாகப் படலைக்கு வந்தார்.

"அண்ணை, நீங்கள் வாயாலை வான் ஓட்டுற ஆள். கலியாணம் குழம்பினதுக்கு அவள் அழேல்லை. ஆனா ஒண்டு கேட்டாள். 'வானுக்கை நான் கதைச்சதெல்லாம் ஊருக்குத் தெரியுமோ அம்மா' எண்டு. இப்ப திரும்பவும் கதையில்லை. இனி மிஸ்ஸிட்டையும் வரமாட்டாளாம்."

 நேரே மிஸ்ஸிடம் போனேன்.

"நான் நல்லதுதானே மிஸ் சொன்னனான்? சுகமாச்செண்டு."

"சுகமாகிறதுக்கு முதல்லை அதொரு நோய் வருத்தமா இருக்க வேணும் அண்ணை. அதை விடுங்கோ. அது அவவின்ரை கதை. நீங்கள் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தியிலை வைச்சிட்டியள்."

"இப்ப என்ன செய்யிறது?"

"எடுத்தவர் நீங்கள். நான் திருப்பிக் குடுக்கேலாது."

அடுத்த செவ்வாய் அதே நேரத்துக்குப் போய்ப் படலைக்கு வெளியே எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்தேன். ஹோர்ண் அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. நேரம் முடிய வந்துவிட்டேன். அதற்கடுத்த செவ்வாயும் அப்படித்தான். மூன்றாம் செவ்வாய் தகரப் படலைக்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது. நான் இறங்கிப் போய், படலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, உன்ரை கதையை நான் வெளியிலை விட்டிட்டன். அதைத் திருப்பி எடுக்க எனக்கு வழியில்லை. அதுக்குப் பதிலா என்ரை கதை ஒண்டை உன்னட்டைத் தாறன். என்ரை மனிசிக்கும் தெரியாது, பெட்டையளுக்கும் தெரியாது. கேட்டிட்டு நீ விரும்பினால் ஊருக்குச் சொல்லு."

சொன்னேன். இடம்பெயர்ந்த நாளில் நடந்தது அது. அதற்குமேல் இங்கே எழுத மாட்டேன். சொல்லும்போது என் இரண்டு கையும் தானாக ஆடினது. நான் அதை நிறுத்தவில்லை.

 

"சொல்லமாட்டன்," என்றாள். பிறகு, "கண்ணாடி இப்பவும் திருப்பித்தான் இருக்கோ?"

"ஓம் பிள்ளை. அண்டைக்குத் திருப்பினது."

பாதம் இரண்டும் மெல்லத் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

அந்த வீட்டிலிருந்து என் வீட்டுக்குப் போகிற வழியில் வல்லை இல்லை. எப்படியோ வான் அங்கே போய்விட்டது. நிறுத்தச் சொல்ல வானுக்குள் ஒருத்தரும் இல்லை, நானேதான் நிறுத்தினேன். தண்ணிக் கரையில் காற்று நான் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்து இழுக்க, எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முப்பது வருஷம் நெஞ்சில் கிடந்த ஒரு பாரம் தண்ணிக்கு மேலே நாரை மாதிரிக் கொஞ்சத் தூரம் பறந்து போய் இருந்தது. முழுக்கப் போகவில்லை. ஆனால் தள்ளிப் போய் இருந்தது.

அடுத்த செவ்வாய் பிள்ளை துணிப்பையோடு வந்து வானில் ஏறினாள். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மிஸ் என் பக்கத்து முன்சீற்றில் இருப்பார், நான் மெதுவாக ஓடிக்கொண்டு கதைப்பேன். அது வேறு கதை. அதுவும் எழுதப்படாது.

5. முடிவாக

புதிதாகச் சேருகிற சாரதிமாருக்கு நான் சொல்வது இதுதான். வானைத் துடைக்கிறதுக்கு முன்னம் நடுக்கண்ணாடியைத் திருப்பப் பழகுங்கள். சந்தியில் ஆராவது கேட்டால் தங்கமான குடும்பம் என்று சொல்லுங்கள், அதற்கு மேலே ஒரு சொல்லும் வேண்டாம். ஆளை மாற்றுகிற இடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். ஆளை ஆளாகவே வைத்துப் பார்க்கிற இடத்துக்குக் கொண்டு போங்கள். அது எது என்று தெரியாவிட்டால், திரும்பி வரும்போது எங்கே நிறுத்தச் சொல்கிறார்கள் என்று காது கொடுங்கள்.

இதை அந்தப் பிள்ளைக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். இப்போது நிலையத்தின் யன்னல் சீலை எல்லாம் அவள் தைத்ததுதான், வெளிச்சம் கண்ணைக் குத்தாத சீலை. இரண்டு வரியை வெட்டச் சொன்னாள். வெட்டிவிட்டேன். மிச்சம் போடலாம் என்றாள்.

கடைசியாக நிலையத்தாருக்கு ஒரு சொல். அச்சுக்குப் போக இருக்கிற மலரின் நன்றிப் பக்கத்தை மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். டொக்டர்மார் பெயர் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து உதவினவர்கள் பெயர் இருக்கிறது. பலகைக்குப் பெயின்ற் அடித்தவர் பெயரும் இருக்கிறது. அடியில், "போக்குவரத்து உதவி: உள்ளூர்ச் சாரதி ஒருவர்" என்று போட்டிருக்கிறீர்கள்.

ஒருவரோ?

நான் எழுதினதைத் திரும்ப ஒருக்கா வாசியுங்கள். பிள்ளையின் பெயர் இல்லை. தாயின் பெயர் இல்லை. மிஸ்ஸின் பெயர்கூட இல்லை. மற்றவர்களின் பெயரை அவர்களின் அனுமதி இல்லாமல் வெளியே விடக் கூடாது என்று நான் படித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் படித்த பெரிய படிப்பு அதுதான். ஆனால் என்ரை பேர் என்ரை. அதற்கு நான் அனுமதி தாறன். பிழை விட்டவரும் இவரே என்று பக்கத்தில் போட விருப்பமென்றால் போடுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் டொக்டர்மாரின் பெயர் போட்ட அதே எழுத்தளவில், முதல் பக்கத்தில் போட வேணும்:

இந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர், செல்லையா தர்மலிங்கம், வான் சாரதி, அச்சுவேலி.