விஜயா சேர்த்த சொற்கள்

பாலவனத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது அலுவலக உதவியாளர் கைப்பேசியில் கூப்பிட்டார். "சார், நம்ம விஜயா மேடம் தவறிட்டாக. காலையில நெஞ்சு வலின்னாகளாம்." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரோடு கல்லூரியில் வேலை பார்த்த உங்களுக்கு ஏன் என்று தெரியும்.

அருப்புக்கோட்டைக் கல்லூரியின் கணினித் துறையில் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இணையவழிப் படிப்புகளைத் தேடித்தரும் இணையப் பக்கம் ஒன்றைக் கல்லூரி நடத்தியது. ஒருநாள் பரளச்சியிலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் வந்தார். "மோட்டாருக்குக் காயில் கட்டப் படிக்கணும் மேடம். எங்கூர்ல மோட்டார் புகைஞ்சா டவுனுக்குத்தான் தூக்கிட்டு வாரோம். தேடுனா ஒன்னுமே இல்லங்குது." மோட்டாருக்குள் செப்புக் கம்பி சுற்றும் அந்தப் படிப்பு இருந்தது, 'மின் இயந்திரச் சுருள் புதுப்பித்தல்' என்ற பெயரில். "படிப்பு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு சார்," என்றார் விஜயா.

அதற்காக அவர் உருவாக்கியதுதான் ஆன்டாலஜி. எந்தச் சொற்களுக்கு ஒரே பொருள், எந்த வேலைக்கு எந்தப் படிப்பு, அதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற உறவுகளையெல்லாம் கணினிக்கு விளங்கும்படி எழுதிவைப்பது. வீட்டில் கன்னடம் பேசிய அவர், ஞாயிறுதோறும் ஊர் ஊராகப் போய்த் தமிழ்ச் சொல் கேட்டார். பேச்சியம்மாள் படித்து முடித்து ஊரிலேயே கடை போட்டார்.

கல்லூரியை மதிப்பிட ஆய்வுக்குழு வருகிறது என்றதும் கல்லூரி முதல்வர் கூட்டம் போட்டார். "காயில் கட்டுறது, அது இதுன்னு... என்ன பட்டிக்காட்டு பாஷை? எடுத்துருங்க."

விஜயா எழுந்தார். "எடுத்தா அவுக தேடுறது கெடைக்காது சார். யாருக்காக இதை நடத்துறோம்?"

ஒரே மதியத்தில் அத்தனை சொற்களையும் அழித்தார்கள். அவரை அடையாள அட்டை அச்சிடும் பிரிவுக்குத் தள்ளினார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும், "நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமே சார்," என்றார் விஜயா.

இரங்கல் கூட்டத்தில் அதே முதல்வர், "கிராம மக்களின் மொழியைக் கணினிக்குக் கொண்டுசென்றவர்" என்று தாளைப் பார்த்து வாசித்தார். நான் எழுந்து, "அழிக்கச் சொன்னது நீங்கதானே?" என்றேன். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். உட்காரவில்லை. ஆனால் விஜயா உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அந்த வெட்கம் எனக்குப் போகாது.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு பென்டிரைவ். பிரிவு மாறிப் போன அன்று, அழிப்பதற்கு முன் எடுத்த பிரதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்று காலை அதிலிருந்த எல்லாவற்றையும் கல்லூரியின் தேடல் பக்கத்தில் மறுபடி ஏற்றிவிட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இனி எடுக்கச் சொன்னால், முதல்வர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.