கண்மாய்க்குள் போட்ட கட்டைப்பாதை

விறகு வெட்டும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கோடாரியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். வெட்டுவது பெரிய காரியமே இல்லை. மெஷினை வைத்தால் சீமைக்கருவேலை மரம் கண்மூடித் திறப்பதற்குள் சாய்ந்துவிடும். ஈரத்தோடு பிளந்தால் கட்டையும் சொன்னபடி கேட்கும். வெட்டியதை ரோட்டுக்குக் கொண்டுவருவதில்தான் உயிர் போகும். அதை நான் கற்றுக்கொண்டது நரிக்குடிப் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாயில்.

1. தனிச் செட்டு

அதுவரை கருப்பையா மேஸ்திரியின் செட்டில் கூலிக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கூட வேலை பார்த்த நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, அந்தக் கண்மாய் வெட்டை என் பெயரிலேயே எடுத்துவிட்டேன். மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தா பாண்டியம்மா, பொம்பள கோடாரி தூக்கலாம். செட்டு நடத்திருவியாக்கும்?" என்றார்.

"நடத்திக் காட்டுறேன் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்தான்.

வெட்டிப் பிளந்து, கண்மாயின் நடுவே அட்டியாக அடுக்கியும் விட்டோம். ஏற்ற டிராக்டர்தான் கிடைக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் எல்லா வண்டியும் உழவுக்குப் போய்விட்டது. தண்ணீர் ஏறினால் கட்டை முழுக்க முங்கிவிடும். ஊறி அழுகிய கட்டையை விறகுக்கடைக்காரரும் வாங்கமாட்டார், கரிமூட்டக்காரரும் தொடமாட்டார். முதல் வேலையிலேயே அப்படி ஆனால், என்னை நம்பி வந்த பெண்கள் திரும்பவும் மேஸ்திரியிடம்தான் போய் நிற்கவேண்டும்.

2. மழை

ஒரு விடியற்காலையில் முத்துலட்சுமி மதினி போன் போட்டாள். செட்டில் அவள்தான் மூத்தவள்.

"பாண்டி, வரத்துக்கால்ல தண்ணி வருதுடி. வெரசா வா."

நான் போனபோது, வரத்துக்கால் வந்து விழும் கண்மாயின் மேல்கோடியில் தண்ணீர் பளபளத்தது. ஒரு நல்லதும் நடந்திருந்தது. ஈரத்தில் உழமுடியாது என்பதால், டிராக்டர்காரத் தம்பி செல்வம் வண்டியோடு வந்துவிட்டான். ஆனால் கரையிலேயே நிறுத்திக்கொண்டான்.

"அக்கா, உள்ள எறக்குனா வண்டி அங்கனயே கெடக்கும். கரிசலு விடாது."

அவன் சொன்னது நியாயம்தான். எங்கள் செருப்பையே கரிசல் பிடுங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரம் பார்த்து மேஸ்திரியும் பைக்கில் வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். என்னை விட்டுவிட்டுப் பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "நாளைக்குப் பாலவனத்தத்துல நம்ம வெட்டு இருக்கு. வாரவுக வரலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கரிமூட்டம் போடும்போது அடியில் குறுக்குக்கட்டை பரப்பி, அதன்மேல்தான் பாரம் ஏற்றுவோம். அது ஞாபகம் வந்தது. "மதினி, வெறகையே கீழ பரப்பிருவோம். வண்டி அதுமேல வரட்டும்" என்றேன்.

தலைச்சுமையாகச் சுமந்து, சக்கரம் வரும் தடத்தில் குறுக்கே அடுக்கினோம். அவசரத்தில் கைக்குக் கிடைத்த உருட்டுக்கட்டைகளைப் போட்டதுதான் தப்பு. செல்வம் வண்டியை ஏற்றியதும் கட்டை உருண்டு தெறித்தது. சக்கரம் ஒருபக்கம் இறங்கியது. கரையில் மேஸ்திரி சிரித்தது எனக்குக் கேட்டது.

"அக்கா, நான் பின்னால எடுத்துக்கிறேன்" என்றான் செல்வம்.

"எடு. கெளம்பிறாத. கொஞ்சம் பொறு" என்றேன்.

உருட்டையெல்லாம் பொறுக்கிப்போட்டு, பிளந்த கட்டைகளைக் கொண்டுவந்தோம். பிளந்த முகம் தரையைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்து, ஒன்றோடொன்று நெருக்கி வைத்தோம். மதினி அரிவாளோடு முன்னால் போய், ஒவ்வொரு கட்டையிலும் முள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப்பார்த்துச் செதுக்கினாள். கருவேலை முள் ஒன்று ஏறினால் டயர் போச்சு.

செல்வம் மறுபடி ஏற்றினான். கட்டை நறநறவென்று மண்ணில் அழுந்தி அப்படியே நின்றது. வண்டி அட்டி வரைக்கும் வந்துவிட்டது! நாங்கள் போட்ட குலவைச் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும்.

அப்புறம் நடை நடையாக ஏற்றினோம். தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது அட்டி முடிந்திருந்தது. கடைசி நடையில் டிராக்டர் முன்னால் மெதுவாகப் போக, பின்னாலேயே பாதைக் கட்டைகளையும் பொறுக்கி டிரெய்லரில் எறிந்துகொண்டே கரையேறினோம். தண்ணீருக்கு ஒரு சுள்ளியைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. அன்றைக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

3. மறுநாள் வேலை

மேஸ்திரி அதுவரைக்கும் போகவில்லை. சேறு அப்பி நின்ற மதினியிடம் கேட்டார்: "என்ன முத்துலட்சுமி, நாளைக்கு வாரியா?"

"நாளைக்கு எங்களுக்கு வேல இருக்கு மேஸ்திரி. எங்க மேஸ்திரி சொல்லிருக்காக."

யாரைச் சொல்கிறாள் என்று ஒரு நொடி எனக்கே விளங்கவில்லை. நான் யாரிடமும் எந்த வேலையும் சொல்லியிருக்கவில்லை. பிடித்தும் வைக்கவில்லை. கருப்பையா மேஸ்திரி என்னைப் பார்த்தார். "ஆமா, இருக்கு" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

லோடு மேலேயே ஏறி உட்கார்ந்து, திருச்சுழி விறகுக்கடைக்குப் போய்ச் சேருவதற்குள் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். காரியாபட்டிப் பக்கம் ஒருவர் தோட்டத்துக் கருவேலையை வெட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். பேசி முடித்தேன்.

செட்டுக் கட்ட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. மெஷின் வாங்கிவிட்டால் மேஸ்திரி ஆகிவிடமுடியாது. கூட வருகிற ஆள் ஊர் அறிய உங்களைத் தன் மேஸ்திரி என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால், மறுநாள் அவளுக்கு வேலை இருந்தே ஆகவேண்டும். மதினிக்கு அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறது.