மேப்புல இல்லாத மஞ்சக் கம்பம்

அதக் கேளுங்கக்கா, எம்மக வாங்கப் பாத்த அந்தக் காப்பார் ஊர் வீடு வேணாம்னு ஆயிப்போச்சு! உங்ககிட்ட சொல்லாம எனக்குச் சோறு எறங்குமா? அந்த நாற்காலி வேணாம், காலு ஆடும், இப்படி உக்காருங்க.

எம்மகளுக்கு அந்த வீட்டு மேல அவ்ளோ ஆச. கல்யாணம் ஆனதுலேர்ந்து பிஜேல மாமியாரோட ஒரே வீடு, ஒரே அடுப்பு. இவ வைக்கிற ரசம் அந்தம்மாவுக்கு ஒத்துக்காது, அந்தம்மா வைக்கிறது ரசமே இல்ல. காப்பார்ல வரிச வீடு ஒண்ணு விலைக்கு வருதுன்னதும் இவ மனசுக்குள்ள தெரச்சீலயே மாட்டிட்டா.

மாப்பிள்ளைக்குத்தான் பயம். பூமிக்கடியில கேஸ் பைப் போவுதாம், வெடிச்சா சுத்தி உள்ள வீடெல்லாம் போச்சாம். நியாயமான பயந்தான், நான் இல்லேங்கல. அதுக்கு மனுசன் என்ன பண்ணாரு? போன்ல மேப்பத் தொறந்து 'கேஸ்'னு தட்டினாரு. அடுப்பு கேஸ் விக்கிற கடையெல்லாம் செவப்பு செவப்பா புள்ளியா வந்துச்சு. எண்ணெய் பைப்பும் போவுதோன்னு, மலாய்ல எண்ணெய் மின்யாக்குதானே, அதயும் தட்டினாரு. பெட்ரோல் ஸ்டேஷன் பூரா வந்துச்சு. அதோட விட்டுச்சா? நம்ம பிரிக்பீல்ட்ஸ்ல தைலம் தேச்சு விடுற கடைங்க! "அத்தே, உங்க ஃபிளாட்டச் சுத்தித்தான் எண்ணெய் அதிகமா காட்டுது, ஜாக்கிரத"ன்னாரு. அது முட்டி வலிக்குத் தேய்க்கிற எண்ணெய் அக்கா, வெடிக்குமா?

காப்பார் வீட்டுக்கிட்ட ஒரு புள்ளியும் இல்ல. "கிளியர் அத்தே"ன்னாரு. மேலேர்ந்து எடுத்த படத்தையும் காட்டினாரு. வீட்டுக்குப் பின்னால கோடு போட்டாப்ல நீட்டமா பச்சப் புல்லு. "இங்க எவனும் வீடு கட்ட முடியாது, காத்து சும்மா வீசும்"னு ஒரே பெரும. ஏன் கட்ட முடியாதுன்னு கேக்க எனக்கும் தோணல பாருங்க.

போன ஞாயித்துக்கெழம எல்லாரும் போனோம். "பின்னால பார்க்கு மாதிரி ஆன்டி"ன்னு ஏஜண்டு பல்லக் காட்டினான். நான் பின்பக்கம் போய்ப் பாத்தா, புல்லு நடுவுல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு மஞ்சக் கம்பம், நெத்தியில செவப்பு. எழுத்தும் இருந்துச்சு. எனக்கு எழுத்துன்னா எறும்பு ஊர்ற மாதிரிதான். மஞ்சளும் குங்குமமும் வச்ச காவல் சாமின்னு நெனச்சுட்டேன்க்கா! தலையில இருந்த மல்லியக் கிள்ளி வச்சு, "ஐயா, எம்மக குடி வரப்போறா, நீதான் பாத்துக்கணும்"னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

"மாப்பிள்ள, இங்க மஞ்சக் கம்பம் இருக்கு!"ன்னு உள்ள பாத்துக் கத்துனேன்.

அவரு போன விட்டுத் தலையத் தூக்கணுமே! மலாய்ல கிராமத்துக்கு கம்போங், அத நம்மாளுங்க கம்பம்னுதானே சொல்றோம்? "கம்போங் மன்ஜாவா? அப்படி ஒரு ஊரே மேப்புல இல்லயே அத்தே"ன்னாரு. மலாய்ல மன்ஜான்னா செல்லம் கொஞ்சறதுன்னு எனக்குப் பாடம் வேற.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா துணி காயப்போட வந்தவங்க, நான் கும்பிட்டதப் பாத்துட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. "பைப் லா ஆன்டி! பைப் காஸ்!"

எம்மக ஓடி வந்து அந்த எழுத்தப் படிச்சா. அடியில கேஸ் பைப் போவுது, தோண்டாதே, ஆபத்துன்னு போட்டிருக்காம். அவ மொகம் செத்துப்போச்சு.

"அது சும்மா போர்டு லா, ஆன்டி"ன்னான் ஏஜண்டு.

"சும்மாவா? அப்ப நீ பொண்டாட்டி புள்ளையோட வந்து குடியிரு"ன்னேன்.

மாப்பிள்ள அப்பவும் போனத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு, "ஆனா மேப்புல இல்லயே"ங்கறாரு.

"ஏங்க, மேப்புலயா குடித்தனம் பண்ணப் போறோம்?"னு கேட்டா எம்மக.

கையெழுத்துப் போடல. வர்ற வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணத் தொடச்சுக்கிட்டா. பெத்த மனசு கேக்குமா? ஆனா அந்த மல்லிய நெனச்சா சிரிப்பும் வருதேக்கா! கேஸ் பைப்புக்குப் பூ வச்ச மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

இன்னிக்கு காஜாங்ல ஒரு வீடு பாக்கப் போயிருக்காங்க. மக கறாரா சொல்லிட்டா, அவரு போனக் கார்லயே வச்சுட்டு, வீட்டச் சுத்தி நடந்து, கண்ணுல படுற போர்டெல்லாம் வாய்விட்டுப் படிச்சுக் காட்டுனாத்தான் மேற்கொண்டு பேச்சுன்னு. பாவம், மாப்பிள்ள இந்நேரம் வெயில்ல நின்னு எழுத்துக் கூட்டிக்கிட்டு இருப்பாரு. ரெண்டு பேரும் பசியோட வருவாங்க... ஐயையோ, என்னமோ தீயிற வாட வருதே! இருங்கக்கா, பருப்ப எறக்கி வச்சுட்டு வரேன்.