வடிகட்டிய தேத்தண்ணி

காலை ஏழேகாலுக்கு என் மகன் பின்வாசலில் குந்தியபடி பேசினில் வாந்தி எடுத்தான். பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த நேரம் இன்னும் என்னை விடவில்லை. நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியன். அவன் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்த்தான். பல்வலிக்காகச் சில நாட்களாக வெறும் வயிற்றில் ஆஸ்பிரின் விழுங்கிக்கொண்டிருந்தான்.

பேசினில் கிடந்தது கறுப்பாக, பொடிப்பொடியாக இருந்தது. எங்கள் பக்கத்தில் காலையில் யார் வாந்தி எடுத்தாலும் முதலில் வருவது தேத்தண்ணிதான்; கோப்பையின் அடியில் தங்கும் தூளும் கூடவே வரும். அதனால் யாரும் பயப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"பெக்டரிக்காரன் வயித்துல தூளு இல்லாம வேற என்ன இருக்கும்? இஞ்சி தட்டிப் போட்டு, சூடா இன்னொரு கோப்பை குடுங்க."

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனால் கோப்பையை அவன் வாயருகே கொண்டுபோன என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

"நான் துணியில வடிச்சுத்தாங்க குடுத்தேன். தூளு எப்படிங்க வரும்?"

அவன் கையைத் தொட்டேன். சில்லென்று வியர்த்திருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தவன் கண் செருகிச் சரிந்தான்.

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் மருந்து ஐயாவை ஓடிப்போய் அழைத்து வந்தேன். அவர் பேசினைப் பார்த்து, ஆஸ்பிரின் விழுங்கியதையும் கேட்டுவிட்டு, அது தேயிலை இல்லை, வயிற்றுக்குள் கசிந்து தங்கிய இரத்தம் அப்படித்தான் கறுத்துப்போகும் என்றார். மகனைப் படுக்கவைத்துக் கால்மாட்டை உயர்த்தினார். மறுபடி வாந்தி வந்தால் மூச்சுக்குழலில் போகாதபடி தலையை ஒருபுறம் திருப்பினார். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, பேசினைக் கொட்டக் கூடாது என்றார். ஆபீஸ் தொலைபேசியில் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, மகனின் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. எண்ணும்போது அவர் உதடுகள் அசைந்தன. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட வேகமாக அசைந்தன. மகன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே மூடுபனி, பாதை தெரியவில்லை. கொழுந்து ஏற்றிப்போகும் லொறியின் சத்தத்துக்கெல்லாம் டாக்டரின் காரோ என்று வாசலுக்கு ஓடினேன். மகன் தண்ணீர் கேட்டான். மனைவி துணியை நனைத்து அவன் உதட்டை மட்டும் துடைத்தாள். மறுபடியும் வாந்தி எடுத்தான். இம்முறை சிவப்பு. இஞ்சி தட்டச் சொன்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் பெரிய டாக்டரின் கார் வந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பேசினைப் பார்த்தார், மகனின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாடி இன்னும் விடேல்லை. என்ரை காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏத்துவம். தேப்பன், நீங்களும் ஏறுங்கோ. இவருக்கு ரத்தம் வேணும், உங்கடையைப் பாப்பம்."