ஏணிக்குப் பூட்டு

அந்தத் தெருவில் பெயிண்டர் என்றால் அவர் ஒருவர்தான். அவர் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் போன சுவரில் விரல் வழுக்கும். ஆனால் தெரு அவரை நினைவு வைத்திருப்பது என்னவோ வேறொரு காரியத்துக்காக. எட்டு வருஷத்துக்கு முன்னால், யாரும் கேட்காமலே, எதிர்வீட்டுப் பல் டாக்டரின் வெள்ளை கேட்டுக்கு ஒரே காலையில் பளீரென்று ஆரஞ்சு அடித்துவிட்டார். பல் டாக்டர் முதலில் குதித்தார். பிறகு நோயாளிகள் எல்லாரும் ‘ஆரஞ்சு கேட் டாக்டர்’ என்று வழி விசாரித்துக்கொண்டு வர ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அந்த மாதம் பெயிண்டர் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிந்தார். மூன்று மணி நேரம் தூங்கினால் அதிகம். வாயைத் திறந்தால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். பஸ் நிறுத்தத்தையும் தபால் பெட்டியையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. தடுக்கப் போன மனைவியை, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் சொல்லாத வார்த்தைகளையெல்லாம் சேர்த்துவைத்துத் திட்டினார். பிறகு ஒரு நாள் எல்லாம் அடங்கிப்போனது. ஏழு வாரம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். கழுவாமல் விட்ட பிரஷ்கள் கல்லாக இறுகின.

மனநல டாக்டர்தான் அதற்கு பைபோலார் என்று பேர் சொன்னார். மனசு சில சமயம் உச்சிக்கு ஏறும், சில சமயம் பாதாளத்தில் இறங்கும், மாத்திரையும் தூக்கமும் ஒழுங்காக இருந்தால் நிம்மதியாக வாழலாம் என்று விளக்கினார். பெயிண்டருக்குப் பாதி நிம்மதி, பாதி வெட்கம். அப்படித் திட்டியது நோயா, தானா என்று மனைவியிடமே கேட்டுவிட்டார்.

“கத்துனது நோய்தான். ஆனா வலிச்சது எனக்கு. ரெண்டையும் மறக்காம இருந்தா போதும்” என்றாள் அவள்.

அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்ப்பவள். சும்மா இருப்பாளா? கணவரின் தூக்கத்துக்கும் ஒரு பதிவேடு போட்டாள். அவர் தெளிவாக இருந்த ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பீரோ கதவின் உட்பக்கத்தில் அவரே பிரஷ் பிடித்து முத்து முத்தாக எழுதினார்: தூக்கம் குறைவது, மாத்திரை வேண்டாம் என்பது, ஓயாமல் பேசுவது, ஆர்டர் இல்லாமல் பெயிண்ட் வாங்குவது. இதில் எது நடந்தாலும் அவள் சைக்கிள் சங்கிலியால் ஏணியைப் பூட்டலாம். அவர் மறுபேச்சில்லாமல் டாக்டரிடம் வர வேண்டும். அடியில் இரண்டு கையெழுத்து.

நல்ல ஒப்பந்தம்தான். எட்டு வருஷத்தில் ஒரே முறைதான் ஏணி பூட்டப்பட்டது. அதுவும் வேளையோடு பூட்டியதால் ஊரில் எந்த கேட்டும் நிறம் மாறவில்லை. ஆனால் கதவில் எழுதாத ஐந்தாவது ஒன்றை அவள் மனசுக்குள் சேர்த்துக்கொண்டிருந்தாள். அது அவருடைய சந்தோஷம். அவர் வாய்விட்டுச் சிரித்தால் கடிகாரத்தைப் பார்ப்பாள். விசில் அடித்தால் மாத்திரை அட்டையை எண்ணப் போவாள். இப்படிக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தால் மனுஷன் என்ன செய்வார்? நல்ல செய்தி வந்தால்கூடப் படிக்கட்டில் ஒரு நிமிஷம் நின்று, முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார்.

ஒரு வியாழக்கிழமை அதை மறந்துவிட்டார். சிறுவர் நூலகம் முழுவதற்கும் வண்ணம் அடிக்கும் வேலை கிடைத்திருந்தது. நோய் வந்த பிறகு அவரை நம்பி ஒருவர் கொடுத்த முதல் பெரிய வேலை. திங்கட்கிழமை ஆரம்பிக்க வேண்டும். விசில் அடித்துக்கொண்டே, இரண்டு கையிலும் பெயிண்ட் வாளியோடு உள்ளே வந்தார்.

நூலகத்துப் பெயிண்டா என்று மனைவி கேட்டாள். இல்லை என்றார். அவ்வளவுதான், அவள் போய்ச் சங்கிலியை எடுத்து வந்தாள்.

“நான் சந்தோஷமா இருக்கேன். வேற ஒண்ணும் இல்ல” என்றார்.

“அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சொன்னது உண்மைதானே. கோபம் ஒரு பக்கம் வந்தது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டதோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக வந்தது. சந்தோஷமா, நோயா என்று அவருக்கே தெரியவில்லை. ஏணி பூட்டியபடி கிடந்தால் நூலகம் கைவிட்டுப் போகும். இருந்தாலும் கையெழுத்துப் போட்டவர் அல்லவா, மறுநாள் காலை மறுபேச்சில்லாமல் கூடவே கிளம்பினார்.

டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். ஏழு மணி நேரம், ஏழரை, ஏழு. மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. அப்படியானால் பெயிண்ட் எதற்கு என்று கேட்டார்.

பெயிண்டர் தரையைப் பார்த்தார். “எங்க வீட்டுச் சமையலறைக்கு. ஊர்ச் சுவர் எல்லாம் அடிச்சேன். இருபத்தாறு வருஷமா இவ நிக்கிற சுவரத் தொட்டதே இல்ல. சொல்லாமச் செய்யலாம்னு நினைச்சேன்.”

“ஆரஞ்சு இல்லையே?”

“வெளிர் நீலம். அவளுக்குப் பிடிச்சது.”

டாக்டர் சிரித்துவிட்டுப் பதிவேட்டை மனைவியின் பக்கம் திருப்பினார். “இவர் எப்போ படுத்தார், எப்போ புரண்டார், எல்லாம் நிமிஷக் கணக்கா இருக்கு. அப்போ நீங்க எப்போம்மா தூங்குனீங்க?”

அவள் பதிவேட்டை மூடிவைத்தாள். இந்த வாரம் தினமும் மூன்று மணி நேரம் என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எட்டு வருஷமாகத் தன் தூக்கத்தையும் சேர்த்து அவள் காவலுக்குக் கொடுத்திருக்கிறாள் என்பது பெயிண்டருக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னைக் கண்காணிக்கிறாளே என்று புழுங்கியவர், அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை ஒரு நாளாவது பார்த்தாரா?

பெயிண்டைப் பார்த்ததும் கூட்டி வந்தது சரிதான் என்றார் டாக்டர். உச்சியில் இருப்பவர் இப்படிச் சொன்னதும் கிளம்பி வர மாட்டார், இவர் வந்தாரே, அதுவே நல்ல அறிகுறி என்றும் சொன்னார். இனிமேல் தூக்கக் கணக்கை அவரே எழுதட்டும், கதவில் இருக்கும் நாலையும் கவனியுங்கள், சிரிப்பையும் விசிலையும் விட்டுவிடுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை மதியம் பெயிண்டர் சமையலறையில் ஏணி போட்டார். பூட்டைத் திறந்து கொடுத்தவள், துணைக்கு என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அது துணைக்கு இல்லை, பழக்க தோஷம் என்று அவருக்குத் தெரியாதா? முதல் சுவரை முடித்துவிட்டுத் திரும்பினால், தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அவர் சட்டென்று விசிலை நிறுத்தினார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அவர் பிரஷை வாளியில் தோய்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார். பாட்டு முடிவதற்குள் குறட்டை வந்துவிட்டது. சாயங்காலம் கை கழுவியதும் பதிவேட்டை எடுத்து, ஒரு புதுப் பக்கம் திருப்பி, மேலே ‘மனைவி’ என்று தலைப்புப் போட்டார். அதன் கீழே முத்து முத்தாக எழுதினார்: சனிக்கிழமை, பகல், இரண்டரை மணி நேரம்.