ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவில் நான்

டாக்டர் என் கணவரிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: "கொஞ்சம் நடங்க முதலாளி."

ஹட்டன் பஜாரில் புடவைக் கடை வைத்திருப்பவர் நடப்பதற்குத் தனியாக எந்த ஏற்பாடும் தேவையில்லை. வீட்டிலிருந்து கடைக்கு ஆட்டோவில் சுற்றிக்கொண்டு போகாமல், நடுவில் இருக்கும் படிக்கட்டில் ஏறி இறங்கினாலே சர்க்கரை பாதி குறைந்துவிடும். ஆனால் சும்மா கிடைக்கிற வைத்தியத்தில் என் கணவருக்கு எப்போதும் நம்பிக்கை இருந்ததில்லை. இரண்டு வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்து இறங்கியது. உள்ளே வெளிநாட்டுச் சைக்கிள்.

"தூக்கிப் பாரு," என்றார். "ரெண்டு வெரல்ல தூக்கலாம்."

"தூக்குறதுக்கா வாங்குனீங்க? ஓட்டத்தானே?"

அடுத்தடுத்து வேறு பொட்டலங்கள் வந்தன. தலைக்கவசம், விரல் நுனி இல்லாத கையுறை, உட்காரும் இடத்தில் மெத்தை தைத்த ஒட்டுக் காற்சட்டை. கடையில் வேட்டியும் சாரமும் விற்கிற மனிதர், அந்தக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு பஜார் வழியாகப் போவதற்கு, ஊர் எழும்புவதற்கு முன்பாகவே கிளம்ப வேண்டியிருந்தது.

பிறகு மழை தொடங்கியது. எங்கள் பக்கத்து மழை ஒரு தடவை தொடங்கினால் மாதக்கணக்கில் யோசித்துத்தான் நிற்கும். அந்தச் சைக்கிளில் சேறு படக்கூடாது என்பது அவர் கொள்கை. ஆகவே பின் சக்கரத்தைக் கழற்றிப் பொருத்துகிற ஒரு தாங்கி வந்தது. அதை ஹாலில் வைத்து, சைக்கிளை மாட்டி, எதிரே டீவியில் சுவிட்சர்லாந்து மலைப்பாதைகளை ஓட விட்டு மிதிப்பார். திரையில் வெளிச்சம் விழுகிறதென்று ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிடுவார். ஜன்னலுக்கு வெளியே மலை இருந்தது, பாதை இருந்தது, அதில் முட்டைக்கோஸ் லொறிகள் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே என் கணவர் ஆல்ப்ஸ் மலையில் வேர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில்தான் நாட்டில் பெட்ரோல் தீர்ந்தது.

நான் டீச்சர். வட்டவளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். நாங்கள் சில டீச்சர்மார் சேர்ந்து ஒரு வேனில் போய் வந்தோம். அந்த வேன் பெட்ரோல் செட்டுக்கு வெளியே போலிமில், அதாவது வரிசையில், நிற்கத் தொடங்கி, பிறகு அங்கேயே குடியேறிவிட்டது. பஸ்ஸில் ஏறப் பார்த்தேன். கதவில் தொங்கிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிலர் தொங்கினார்கள். எனக்குப் பிடிக்க ஆள் கிடைக்கவில்லை.

கடைக் கிடங்கில் ஒரு பழைய சைக்கிள் கிடந்தது. ஒரு காலத்தில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து துணி மூட்டை கொண்டுவர வைத்திருந்தது. அகலமான கேரியர், கனத்த இரும்பு. நான் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். தலவாக்கலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, அந்தக் காலியான களத்தில் மாமா மகன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியிருக்கிறேன். மறந்திருக்காது என்று நினைத்தேன்.

மறக்கவில்லை. ஆனால் பெரட்டுக் களத்தில் சரிவு கிடையாது. ஹட்டனிலிருந்து வட்டவளைப் பக்கம் போவதென்றால் முழுக்க இறக்கம். முதல் நாள் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. ரொசல்லை தாண்டும்போதுதான் பிரேக் என்பது பெயருக்கு இருக்கிறதென்று தெரிந்தது. மணி மட்டும் மிக நன்றாக வேலை செய்தது. அதனால் பிரேக் இல்லாத விஷயத்தை வழி நெடுக எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவித்துக்கொண்டு போனேன். கடைசியில் செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நின்றேன்.

பள்ளிக்கூடத்து கேட்டுக்குள் டீச்சர்மார் சாரியோடுதான் வரவேண்டும். அதிபர் நல்லவர்தான், ஆனால் கேட்டைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஆகவே கால்சட்டையும் ஜாக்கெட்டுமாக வந்து, கேட்டுக்குப் பக்கத்திலே தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகைக்குள் நுழைந்து, பொலித்தீன் பையில் மடித்துக் கொண்டுவந்த சாரியைக் கட்டிக்கொண்டு உள்ளே போவேன்.

போவது சுகம். வருவதுதான் பிரச்சினை. இறங்கியதெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஏற்றமாக மாறிவிடும். முதல் மாதம் முழுக்கத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். மேலே சரிவில் கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையோடு திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"டீச்சரம்மா, சைக்கிளு ஒங்களுக்கா, நீங்க சைக்கிளுக்கா?"

"ஒருநாள் அது, ஒருநாள் நான்!" என்று கத்துவேன்.

பிரேக் கட்டை வாங்கப் பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் நானாவிடம் போனேன். எங்கள் ஊரில் முஸ்லிம் முதலாளிமாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். இந்த நானா ஐம்பதைக் கடந்தவர், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவரும் என் கணவரைப் பார்த்து ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருந்தார். மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து பயிற்சிக்குப் போவார்கள். பயிற்சி கொட்டகலைத் தேத்தண்ணிக் கடை வரைக்கும். அங்கே ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டு, பிளேன் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

"ஒங்க வூட்டுக்காரரு கேட்ட லைட்டு கொழும்புல இருந்து வரணும் டீச்சர்," என்றார் நானா, மேசைக்கடியில் துழாவியபடி. "ஒங்களுக்குப் பிரேக் கட்டைதானே? இந்தா இருக்கு."

என் கணவர் என் சைக்கிளைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒருநாள் மட்டும் கேட்டார்.

"ஒன்னோட சராசரி வேகம் என்ன?"

"தெரியலையே. ஒரு மாட்டுக்குப் பின்னால வந்தேன்."

"அதான். நீ செய்றது வேலைக்குப் போறது. நான் செய்றது ட்ரெய்னிங். ரெண்டும் வேற."

இதில் எனக்குச் சண்டை ஒன்றுமில்லை. எனக்கும் அவை இரண்டும் வேறாகத்தான் தெரிந்தன. அவர் மிதித்துவிட்டு இறங்கினால் ஹாலில்தான் இருப்பார். நான் இறங்கினால் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருப்பேன்.

எப்போது தள்ளுவதை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் கோயில் வளைவில் ஒரு பஸ் என்னைத் தாண்டியது. வழக்கமாக வருகிற சிங்களக் கண்டக்டர் கதவில் நின்றபடி எட்டிப் பார்த்து, "மிஸ், அத தல்லு கரன்னெ நெத்த?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்றைக்குத் தள்ளுவதில்லையா என்று கேட்கிறார். சிங்களத்தில் அவர்கள் சொல்கிற தல்லு நம்முடைய தள்ளுதான். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வழக்கமாக இறங்குகிற இடம் எப்போதோ போய்விட்டிருந்தது. நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பெட்ரோல் திரும்பி வந்தது. வேனும் வந்தது. நான் போகவில்லை. டீச்சர்மார் கோபித்துக்கொண்டார்கள். வேனில் இருந்தால் யாருக்கு இடமாற்றம், யார் வீட்டில் என்ன கறி என்றெல்லாம் தெரிந்துகொள்ளலாம். சைக்கிளில் எதுவும் தெரியாது. காலையில் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு நடுவில் இருக்கிற அந்த நேரத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பனி விலகாத பாதை, கால்சட்டைக்குள் ஏறியிருக்கிற ஓரிரண்டு அட்டைப்பூச்சி. அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

இதற்கிடையில் சில வியாபாரிகளும் இளைஞர்களும் சேர்ந்து ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஒரு சைக்கிள் ஓட்டம் ஏற்பாடு செய்தார்கள். என் கணவரும் நானாவும் முதல் ஆட்களாகப் பெயர் கொடுத்தார்கள். டீவியில் ஆல்ப்ஸ் முடிந்து வேறு ஏதோ மலை ஆரம்பித்தது. ஓட்டத்துக்கு முந்தைய நாள் மாலை நானா போன் பண்ணினார். இரும்புக் கம்பி இறக்கும்போது இடுப்புப் பிடித்துவிட்டதாம், திரும்பிப் படுக்கவும் முடியவில்லையாம்.

தனியாகப் போவதற்கு என் கணவருக்கு மனமில்லை. கொஞ்ச நேரம் ஹாலில் நடந்தார்.

"நீ வாயேன்," என்றார். "நானாவோட நம்பர் சும்மாதானே கெடக்கு."

"என்னோடது வேலைக்குப் போற சைக்கிளாச்சே."

"தலவாக்கலை வரைக்கும் வா. பெறகு முடியலைன்னா ட்ரெயின்ல வந்திரு."

காலையில் கூடியிருந்தவர்கள் என் சைக்கிளை மரியாதையாகப் பார்த்தார்கள், பழைய காலத்துப் பொருட்களைப் பார்ப்பது போல. நானாவின் இலக்கம் அச்சடித்த துணியை முதுகில் குத்திக்கொண்டேன். கேரியரில் சோற்றுப் பார்சல் இரண்டு கட்டியிருந்தேன். என் கணவர் காதருகே வந்து, "அதக் கழட்டி வச்சிட்டு வரக்கூடாதா?" என்றார். அவர் சட்டைப் பையில் கசக்கிக் குடிக்கிற சத்துப் பசை இருந்தது.

தலவாக்கலை வரைக்கும் அவர் என் பார்வையிலேயே இல்லை. உண்மையில் நன்றாகத்தான் ஓட்டினார். லிந்துலை தாண்டி ஏற்றம் தொடங்கிய பிறகுதான் முன்னால் அவர் முதுகு தெரிந்தது. கிட்டப் போனேன். அந்த இடம் எனக்கு மிதிக்க முடியாத செங்குத்து. வழக்கப்படி இறங்கித் தள்ளினேன். அவர் இறங்கவில்லை. இறங்குவதில்லை என்று சபதம். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். நான் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போனோம்.

"தண்ணி வேணுமாங்க?"

"பேசாத. மூச்சு வாங்குது."

கொஞ்ச தூரம் நடந்தேன்.

"இந்தா," என்றார் பிறகு, கெஞ்சுகிற குரலில். "கொஞ்சம் பின்னால வாயேன். யாராச்சும் பாத்தா..."

நான் பின்னால் போனேன். அதிக நேரம் பின்னால் வர வேண்டியிருக்கவில்லை. தேயிலைச் செடி ஓரத்தில் அப்படியே சாய்ந்தார். கெண்டைக்காலில் தசை இறுகிக் கல் மாதிரி நின்றது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலைப் பிடித்து நீவிவிட்டேன். வேர்த்து, முகம் வெளுத்துப் போயிருந்தது. நிஜமாகவே எனக்குப் பயமாகிவிட்டது. சர்க்கரைக்காரர். பார்சலைப் பிரித்து ஊட்டினேன். சம்பலும் பருப்பும். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். இரண்டாவது பார்சலையும் அவர்தான் சாப்பிட்டார்.

அப்போது கடைசியாக ஒரு லொறி வந்தது. முடியாதவர்களை ஏற்றிவர அமர்த்திய மரக்கறி லொறி. உள்ளே ஏற்கெனவே சில வீரர்கள் சைக்கிளோடு, லீக்ஸ் வாசத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு விரலால் தூக்கக்கூடிய சைக்கிளை நான் தூக்கிக் கொடுத்தேன். அவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"நீயும் ஏறு," என்றார்.

நான் பாதையைப் பார்த்தேன். அந்த ஏற்றம் முடிகிற இடம் தெரிந்தது. "அந்த வளைவு வரைக்கும் போய்ப் பாக்குறேங்க," என்றேன்.

கடைசி ஆளுக்குப் பின்னால்தான் லொறி வரவேண்டும் என்பது விதியாம். கடைசி ஆள் நான். ஆகவே நானுஓயா வரைக்கும் லொறி என் முதுகுக்குப் பின்னால் முதல் கியரில் உறுமிக்கொண்டே வந்தது. நான் மிதித்தால் அது நகரும், இறங்கித் தள்ளினால் அது நிற்கும். மழை பிடித்துக்கொண்டது. லொறியில் இருந்தவர்களுக்குப் பசி.

"டீச்சர், ஏறிக்குங்க டீச்சர்! எங்களுக்கு வயிறு காயுது!"

"மிஸ், எண்ட, எண்ட!" வாங்க, வாங்க என்று ஒரு சிங்களக் குரல்.

இன்னொருவர், "யார் வீட்டு அம்மா இது? சொல்லுங்கப்பா அவங்ககிட்ட!" என்றார்.

பிறகு என் கணவரின் குரல் கேட்டது. "என் வீட்டம்மாதான். அவ ஏற மாட்டா. நான் சொன்னாலும் ஏற மாட்டா." அதில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. கடையில் நல்ல சேலையை விரித்துக் காட்டும்போது அவருக்கு வருகிற குரல் அது. அடுத்த நிமிஷமே, "கியரை மாத்து! கியரை மாத்து!" என்று கத்தினார். என் சைக்கிளில் கியர் கிடையாது என்பது ஆர்வத்தில் மறந்துவிட்டது.

நுவரெலியாவில் பந்தயத் திடல் பக்கம் நான் போய்ச் சேர்ந்தபோது பதாகையின் ஒரு முனையை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அது ஈரத்தில் தொங்கியது. அதற்கடியில் குனிந்துதான் முடிவுக்கோட்டைக் கடந்தேன். லொறியிலிருந்து குதித்தவர்கள் என்னைப் பார்க்காமல் சாப்பாட்டுப் பந்தலுக்கு ஓடினார்கள். என் கணவர் மட்டும் நொண்டிக்கொண்டு வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். "நனைஞ்சிட்டியே," என்றார்.

மேசையில் இருந்த சிங்களப் பையன் என் முதுகு இலக்கத்தைப் பார்த்தான், தன் கையில் இருந்த தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அங்கிள் கோ?" என்று கேட்டான். அங்கிள் எங்கே? வீட்டில் படுத்திருக்கிறார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மைக்கில் அறிவித்துவிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிவில் பெயர் கொடுத்திருந்தது நானா ஒருவர்தான், என் கணவருக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஆகவே அந்தப் பிரிவில் முதல் இடம் நானாவுக்கு. பெண்கள் பிரிவு என்று ஒன்று இருக்கவே இல்லை. ஒரு பதக்கத்தை என் கழுத்தில் போட்டு, கைதட்டினார்கள். நானும் தட்டினேன், நானாவுக்காக.

விஷயத்தைச் சொன்னதும் இடுப்பு வலியோடு நானா சிரித்த சிரிப்பு போனைத் தாண்டி வெளியே கேட்டது. பதக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், திருப்பித் தருவார் என்று நினைத்து. அடுத்த வாரம் அது அவர் கடையில், பெயின்ட் டின்களுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. யாராவது கேட்டால் மறைக்காமல் முழுக் கதையையும் சொல்கிறார். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் கதை முடியும் வரை நிற்பதில்லை, கைகொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஓட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, என்னால் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. வீட்டுப் படியில் இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. சாரியை வீட்டிலேயே கட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். கண்டக்டர் எனக்காக ஜன்னல் சீட்டில் ஒரு ஆளை எழுப்பிவிட்டார். வட்டவளை வரைக்கும் நன்றாகத் தூங்கிப் போனேன், நான் இறங்க வேண்டிய ஹோல்ட்டைத் தாண்டி.