கட்டிலுக்கடியில் எலுமிச்சைத் தோல்

எங்கள் வீட்டுக்குக் கடைச் சோப்பு தீபாவளியன்று மட்டும்தான் வரும். மற்ற நாட்களில் எல்லாம் அம்மாவின் கைவண்ணம். குளிக்கப் பயத்தம்பருப்பும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து மிஷினில் அரைத்த பொடி, தலைக்குச் சீயக்காய், பல்லுக்கு உப்பும் கிராம்பும் கடுக்காயும். கொசுவிரட்டி தீர்ந்துபோன குட்டி பாட்டிலை யாராவது தூக்கிப் போட்டால் எடுத்து வந்து, அதில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்து ஊற்றி மறுபடியும் சுவரில் சொருகிவிடுவாள். அதற்குக் கொசு போனதோ இல்லையோ, வீட்டுக்கு வந்தவர்கள் சீக்கிரம் கிளம்பிப் போனார்கள்.

அப்பா வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவர் ஒரு ஹார்டுவேர் கடையில் நின்றுகொண்டிருந்தார். சம்பளம் பாதியாகிவிட்டது. ஆனால் அம்மா அதை ஒரு நாளும் காரணமாகச் சொன்னதில்லை. "கடைக்காரன் இன்னா வானத்துலேர்ந்தா கொண்டாரான்? அவனும் எங்கியோ அரைச்சுதான எடுத்தாரான்" என்பாள். அதனால் எங்கள் அம்மாவுக்கு அரைப்பதில் ஒரு ஆசை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய தயாரிப்புகளிலேயே தலைசிறந்தது தரை துடைக்கும் தண்ணீர். மகளிர் குழுப் பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்தது. முத்தியால்பேட்டை மார்க்கெட் பக்கத்தில் இருந்த ஜூஸ் கடைக்காரர், பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலைச் சும்மாவே கொடுப்பார். அதைக் காலியான பெரிய பிளாஸ்டிக் கலர் பாட்டில்களில் போட்டு, வெல்லமும் தண்ணீரும் சேர்த்து இறுக்கி மூடி மாதக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். ஊறும்போது உள்ளே நுரைத்துக் காற்று அடைத்துக்கொள்ளும். ஆகவே தினமும் காலையில் மூடியைக் கொஞ்சம் திருகி, உஸ்ஸென்று காற்றை விட்டுவிட்டு மறுபடி மூட வேண்டும். அம்மா அதற்குக் 'காத்து புடுங்குறது' என்று பெயர் வைத்திருந்தாள். சாமி விளக்கு ஏற்றுவதை மறந்தாலும் மறப்பாளே தவிர அதை மறக்கமாட்டாள்.

அப்படி இருந்தபோதுதான் பாரிஸிலிருந்து அத்தை போன் பண்ணினாள். அத்தை அப்பாவின் அக்கா. பிரெஞ்சு நேஷனாலிட்டி வைத்திருந்த நம்மூர் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு எப்போதோ போனவள். மாமா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அங்கே ஒரு பெரிய ஓட்டலில் உத்தியோகம் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லுவார். கோட்டு போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் அத்தை உட்கார்ந்திருப்பதாக நானே மனதில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன்.

போனில் அத்தை சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வீட்டு விஷயமா நேர்ல பேசணும், லீவு போட்டுட்டு வரேன்."

 நாங்கள் இருந்த வீடு தாத்தா கட்டியது. அதில் அத்தைக்கும் பாதி உண்டு. எங்கள் தெருவிலேயே அப்போது இரண்டு வீடுகள் கைமாறி அடுக்குமாடியாக எழும்பிக்கொண்டிருந்தன. அத்தை தன் பங்கை விற்கச் சொன்னால் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அவள் பங்கை வாங்கிக்கொள்ள அப்பாவிடம் என்ன இருந்தது? பக்கத்து வீட்டுக்காரம்மா தன் பங்குக்கு, "ஃபிரான்ஸ்லேர்ந்து சும்மாவா வருவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வீட்டை நாம் நன்றாக வைத்துக்கொண்டிருக்கிறோம், நமக்கு ஒரு குறையும் இல்லை என்று காட்டிவிட்டால் அத்தைக்கு விற்க மனம் வராது என்பது அம்மாவின் கணக்கு. குழுவில் கடன் வாங்கிச் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தரை துடைக்கும் திரவம் எல்லாம் புதிதாக வாங்கி அடுக்கினாள். பொடி டப்பாக்கள் பரணுக்குப் போயின. எலுமிச்சை பாட்டில்களை என்ன செய்வது? மாடியில் வைத்தால் துணி காயப்போடப் போகும்போது அத்தை பார்த்துவிடுவாள். சமையலறையில் இடமில்லை. கடைசியில், இருந்த ஒரே அறையில் இருந்த ஒரே கட்டிலுக்கு அடியில் தள்ளி, தரை வரை தொங்கும்படி விரிப்பைப் போட்டு மறைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. விருந்தாளிக்கு அந்தக் கட்டிலைத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அத்தை வந்தாள். நான் நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தாள். விரல்களில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. குளிர் தேசம் அல்லவா என்று அப்பா சொன்னார். பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு பை நிறையச் சோப்பு கொடுத்தாள். ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவுதான். அழகாகக் காகிதம் சுற்றி, பிரெஞ்சில் ஏதோ அச்சடித்திருந்தது. மோந்து பார்த்ததில் எனக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. "ஏன் அத்தை இத்தினிக்கூண்டு இருக்கு? அங்க யாருக்கும் அழுக்கே ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஆகாது பாப்பா. அழுக்கெல்லாம் நான்தான் தொடச்சி வெச்சிட்டனே" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தோம். நான் மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு ஒரு சோப்பை எடுத்துப்போய், பிரான்ஸில் அழுக்கே கிடையாது என்று வகுப்பு முழுக்க அறிவித்துவிட்டு வந்தேன்.

அதற்குள் வீட்டில் அம்மாவின் பாடு திண்டாட்டம். அறையைப் பெருக்கும் சாக்கில் உள்ளே போய்க் காற்றைப் பிடுங்கிவிட்டு வரலாம் என்று துடைப்பத்தோடு போனால், அத்தை அதை வாங்கிக்கொண்டு "நானே பெருக்கிக்கறேன், நீ போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிடுவாள். அப்படியே நாட்கள் போயின. ஒரு நாள் நான் விரிப்பைத் தூக்கி எட்டிப் பார்த்தேன். பாட்டில்கள் எல்லாம் உப்பிப்போயிருந்தன. ஒன்று அடி வீங்கி, நிற்கமுடியாமல் சுவரில் சாய்ந்திருந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.  சாயங்காலம் அத்தை பீச்சுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். அதுவரைக்கும் தாங்கட்டும் என்று அம்மா மணக்குள விநாயகருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

பிள்ளையார் அவசரப்படுகிறவர் இல்லை. பாட்டிலுக்குத்தான் பொறுமை இல்லை. மத்தியானம், அத்தை சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம், வீடே அதிர்ந்ததுபோல் டமாரென்று ஒரு சத்தம். அத்தை "ஐயோ!" என்று அலறிக்கொண்டு கட்டிலின் மேல் எழுந்து நின்றுவிட்டாள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலுக்கடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஆறாக ஓடி வருகிறது. அதில் எலுமிச்சைத் தோல்கள் மிதக்கின்றன. அறையெல்லாம் ஜூஸ் கடை வாசனை.

அம்மா வாசற்படியில் அப்படியே நின்றாள்.  வீடு போய்விட்டது என்று அவள் நினைத்தது எனக்கே தெரிந்தது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

அத்தை குனிந்து மோந்து பார்த்தாள்.

"எலுமிச்சந்தோலா? வெல்லம் போட்டுதான ஊறவெச்ச?"

"ஆமா அண்ணி" என்றாள் அம்மா.

"தெனம் தெறந்து உட்டிருக்கணுமே?"

"நீங்க உள்ள இருந்தீங்களே அண்ணி..."

 அத்தைக்குப் பிடித்துக்கொண்டது சிரிப்பு. கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். அம்மா தடுக்கத் தடுக்க, ஒரு துணியை எட்டாக மடித்து, மண்டியிட்டு, உள் மூலையிலிருந்து வாசல் வரைக்கும் பின்னாலேயே நகர்ந்துகொண்டு துடைத்தாள். ஒரு பக்கம் ஈரமானால் அடுத்த பக்கத்துக்குத் திருப்பி மடிப்பாள். தரை கண்ணாடியாகிவிட்டது. நனைந்த விரிப்பை உருவி எறிந்துவிட்டு வேறொன்றை ஒரே வீச்சில் விரித்து, முனைகளை மெத்தைக்கடியில் உறைபோல மடித்துச் செருகினாள். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. பிரான்ஸில் இதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள் போல என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அத்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பரணிலிருந்து குளியல் பொடி டப்பாவை எடுத்து வந்து அத்தை கையில் வைத்தாள்.

சாயங்காலம் யாரும் பீச்சுக்குப் போகவில்லை. அப்பா கடையிலிருந்து வந்ததும் அத்தை விஷயத்தை எடுத்தாள். அவள் பார்வை தரையிலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்ல வேலைய உட்டுடலாம்னு இருக்கேன் தம்பி. ஒடம்பு முடியல. மாடியில ஒரு ரூம் போட்டுக்கினு இங்கயே வந்துட்டா, உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா? இதக் கேக்கத்தான் வந்தேன். போன்ல கேக்க பயமா இருந்துச்சு."

அம்மா சட்டென்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வூட்டுக்கு வர்றதுக்கு நீங்க யார அண்ணி கேக்கணும்?" என்று சொல்லி அழுதாள். அத்தையும் அழுதாள். அப்பா எழுந்துபோய் மின்விசிறியைச் சும்மா கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு நிம்மதியாக எல்லோரும் அழுது நான் பார்த்ததில்லை. பாட்டில் வெடித்ததால்தான் வீடு பிழைத்தது என்று முடிவுகட்டி, எல்லா மூலையிலும் பாட்டில் வைக்கச் சொல்லி நான் அம்மாவை நச்சரித்தது வேறு கதை.

நான் வளர்ந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் பயிற்சிக்காக பெங்களூருக்குப் போனேன். பெரிய ஓட்டலில் நான் தங்கியது அதுதான் முதல் தடவை. குளியலறையில் மடித்த துண்டின் மேல், காகிதம் சுற்றிய பிஸ்கட் அளவுச் சோப்பு ஒன்று இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கட்டில் விரிப்பின் முனைகள் உறைபோல மடித்துச் செருகப்பட்டிருந்தன. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தைக்கு மேஜையும் இல்லை, கோட்டும் இல்லை. அழுக்கெல்லாம் நான்தான் துடைத்துவைத்தேன் என்று அவள் சொன்னது வேடிக்கைக்கு அல்ல.

அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "துணிய மடிச்சாங்க பாரு, அப்பவே எனக்குத் தெரியும். அவங்களா சொல்லல, நானும் கேக்கல" என்றாள். அதற்குள் போனை அத்தை வாங்கிக்கொண்டாள். அவள் மாடி அறைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எலுமிச்சை பாட்டில்களுக்குக் காற்றுப் பிடுங்குவது இப்போது அவள் பொறுப்பு.

"ரூம்பு நல்லா இருக்கா பாப்பா? சுத்தமா வெச்சிருக்காங்களா?"

"சுத்தமா இருக்கு அத்தை."

"காலைல தொடைக்க வருவாங்க. ஒரு வார்த்த பேசு. யாரும் பேசமாட்டாங்க."